காலையில் மில்லுக்குப் போன மாமா

எனக்குக் கோபம் வந்தால் கணினியை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொள்வேன். இறங்கி வரும்போது கோபம் போயிருக்கும், இல்லையென்றால் வெயில் தாங்காமல் நானே இறங்கியிருப்பேன். ராஜபாளையத்தில் அந்த அலுவலகத்தைத் தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் சஞ்சீவி மலையை நான் பார்த்த அளவுக்கு அதற்கு முன்னால் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அலுவலகம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கீழே பேண்டேஜ் துணி குடோன், மேலே ஒரே ஒரு அறை. அதில் மூன்று மேசை, ஒரு மின்விசிறி, ஒரு இன்வெர்ட்டர். வீட்டுக்காரர் அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ் பேசுவார், கரண்ட் போனால் இரண்டிலும் திட்டுவார். நான் வேலை பார்த்த கம்பெனி எங்கேயோ தூரத்து நகரத்தில் இருந்தது. இந்த வேலையை எங்கள் ஊரில் வைத்தே செய்ய முடியும், ஆட்களும் கிடைப்பார்கள் என்று மேலாளரிடம் வாய்ச்சவடால் அடித்து வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். ஆள் பிடித்ததும் நான்தான், சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஆகவே ஏதாவது கெட்டுப்போனால் அதுவும் என் தலையில்தான் விடியும்.

வேலை இதுதான். எங்கள் பக்கத்து மக்கள் பேசுகிற தமிழைக் கணினிக்குப் புரியவைக்க வேண்டும். சம்மதித்துப் பேசியவர்களின் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தில் இறக்கி, ஆயிரக்கணக்கான வாக்கியங்களாக ஒரு குவியலை உண்டாக்கியிருந்தார்கள். சந்தையில் பேசியது, பஸ்ஸில் பேசியது, செண்பகத்தோப்புப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டே பேசியது என்று எல்லாம் கலந்து கிடந்தன. ஒவ்வொரு வாக்கியத்திலும் எந்தச் சொல் எந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறது என்று கோடு போட வேண்டும். எல்லாக் கோடும் போட்டு முடித்தால் திரையில் ஒரு மரம் தெரியும். வேர் மேலே இருக்கும், கிளைகள் கீழே தொங்கும். முதல் வாரம் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம், ஏன் தலைகீழாக இருக்கிறது என்பதற்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணினியே முதலில் ஒரு மரம் போட்டுக் கொடுக்கும். அது செய்தித்தாள் தமிழ் படித்து வளர்ந்தது. எங்கள் ஊர்ப் பேச்சு வந்தால் கால் இடறிவிடும். "வந்துட்டுப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாவ" என்ற வாக்கியத்துக்கு அது போட்ட மரத்தைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதில் யார் வந்தார், யார் போனார், யார் சொன்னார் ஒன்றுமே விளங்கவில்லை. அதையெல்லாம் கையால் திருத்துவதுதான் வேலை. ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகத் திருத்துவார்கள். பிறகு நான் எழுதிய நிரல் இரண்டு மரங்களையும் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு எண் சொல்லும். எண் நன்றாக இருந்தால், திருத்துகிறவர்களை நம்பலாம் என்று அர்த்தம். எண் மோசமாக இருந்தால் மொட்டைமாடி.

திருத்துகிற இருவரில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கோர்ட் சார் என்றுதான் கூப்பிடுவோம். சாட்சிகள் சொல்லச் சொல்ல அடித்துப் பழகிய விரல்கள் அவருக்கு. யாராவது பேச ஆரம்பித்தால் மேசை மேல் அவர் விரல்கள் தானாக ஆடும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவர் பால்கோவா வாங்கி வருவார் என்றுதானே நினைப்பீர்கள்? அவர் ஒருநாள்கூட வாங்கி வந்ததில்லை. கோர்ட் வாசல் கடை உளுந்த வடைதான் கொண்டுவருவார், அதுவும் சூடு ஆறிப்போய். ஊர் திரும்ப ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஆனால் அவருக்கு நாலே முக்கால் பஸ்தான் பஸ். அந்த டிரைவர் பழக்கம், அந்த ஜன்னல் பழக்கம். நாலரை ஆனதும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்.

இன்னொருத்தி தளவாய்புரத்துப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். தமிழ் பி.ஏ. படித்துவிட்டு, ஊரில் நைட்டி தைக்கிற கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்து வருகிற உருப்படியை உள்பக்கம் வெளியே திருப்பி, தையல் பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்து, தொங்குகிற நூலை வெட்டிவிடுகிற வேலை. அந்தச் சின்னக் கத்தரியை இன்னும் கைப்பையில் வைத்திருந்தாள். நாற்காலியில் முழுசாக உட்காரமாட்டாள். யாரோ எழுந்திருக்கச் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல நுனியில்தான் உட்காருவாள். ஆனால் கண் இருக்கிறதே, அப்படி ஒரு கண். நான் மூன்று தடவை பார்த்தும் கண்டுபிடிக்காத பிசகை, திரையில் மரம் வந்த நொடியில் விரல் வைத்துக் காட்டிவிடுவாள்.

முதல் கட்டு வாக்கியங்களை இருவரும் முடித்தார்கள். நிரலை ஓட்டினேன். மேலாளர் வைத்திருந்த பாஸ் மார்க்கை எண் தொடவில்லை.

எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே வகைச் சிக்கல்தான். எங்கள் குவியலில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "காலையில மில்லுக்குப் போன மாமா போன் பண்ணாரு." மாமா காலையில் மில்லுக்குப் போனாரா, காலையில் போன் பண்ணினாரா? இரண்டும் இருக்கலாம். தளவாய்புரத்துப் பெண் 'காலையில' என்பதைப் பக்கத்திலிருந்த 'போன'வோடு கோத்திருந்தாள். அடுத்தடுத்து இருக்கும் துணியைத்தானே சேர்த்துத் தைக்கிறோம் என்பது அவள் கணக்கு. கோர்ட் சாரோ வாக்கியத்தின் கடைசியிலிருந்த 'பண்ணாரு' வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய்க் கட்டியிருந்தார். சாட்சி கடைசியில் என்ன சொல்லி நிறுத்துகிறான் என்பதுதான் முக்கியம், அதுவரை ஒன்றையும் நம்பக்கூடாது என்பது அவருடைய முப்பது வருஷத்துப் பழக்கம். இப்படியே நூற்றுக்கணக்கான வாக்கியங்களில் அவள் பக்கத்தில் கட்ட, அவர் தூரத்தில் கட்டியிருந்தார்.

இருவரையும் உட்காரவைத்துப் பேசினேன். பேசினேன் என்பதைவிட, பேசவைக்க முயன்றேன் என்று சொல்லலாம்.

"அந்தப் பிள்ள போட்டிருக்கதும் சரியாத்தான் இருக்கு," என்றார் சார்.

"சார் போட்டிருக்கதுதான் எனக்கும் சரின்னு படுது," என்றாள் அவள்.

"அப்படிச் சொல்லாத தாயி. நீ படிச்ச பிள்ள."

"இல்ல சார். நீங்க எம்புட்டுப் பாத்திருப்பீங்க."

கல்யாண வீட்டுப் பந்தியில் இலை முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே ஒருவரையொருவர் உபசரிக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். அதே எரிச்சல் வந்தது. எது சரி என்று உட்கார்ந்து முடிவு பண்ணி, ஒரு விதி எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது நான். அது என் வேலை. பதிலாக, "எப்படியோ போங்க, அடுத்த தடவை ரெண்டு பேரும் ஒண்ணு போலப் போடுங்க," என்று கத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாம் கட்டை இருவரும் முன்பைவிடக் கவனமாகச் செய்தார்கள். சார் வடை சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் யோசித்து யோசித்துப் போட்டாள். எண் நிச்சயம் ஏறும் என்று நம்பி, மேலாளரை வீடியோவில் வைத்துக்கொண்டே நிரலை ஓட்டினேன். அது என்னுடைய அடுத்த முட்டாள்தனம். கிட்டத்தட்ட பழைய எண்ணே வந்து நின்றது.

மேலாளர் நல்ல மனிதர்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். மூன்றாம் கட்டையும் பார்ப்போம், அதிலும் ஏறவில்லை என்றால் வேலையை இங்கே தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஆட்களுக்கே மாற்றிவிடலாம், உங்களுக்கு வேறு பொறுப்பு தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு வேறு பொறுப்பு கிடைக்கும். சாருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. அந்த அறை மூடினால் உண்மையில் இழக்கப்போகிறவள் யார் என்பது அவர் திரையை அணைத்ததும் எனக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் சார் போஸ்ட் ஆபீசுக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவள் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நைட்டிக் கம்பெனில என்னிய திரும்பக் கூப்பிடுதாவ அக்கா. எங்க ஓனரு நல்லவிய. செக்கிங்குக்கு என்னிய மாதிரி ஆள் கெடைக்கலையாம்."

"போயிருவியா?"

"அங்க வேலை மோசமில்ல. ஆனா உருப்படி கைக்கு வரும், சரியா தப்பான்னு பாத்துத் தள்ளணும், அம்புட்டுத்தான். எனக்கு என்ன தோணுதுன்னு யாரு கேட்டா? படிச்சு முடிச்சு இத்தன வருசத்துல இங்கதான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீ என்ன நெனைக்கன்னு கேக்காவ. அதுக்குத்தான் நான் பஸ் ஏறி வாரேன்."

அழுதுவிடக்கூடாது என்பதற்காக அவள் ஒதுக்கிய கத்தரிக்காயை எடுத்துத் தின்றேன். அன்று நான் மொட்டைமாடிக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா சமையலறையில் இருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து, ஒத்துப்போகாத மரங்களை மட்டும் பிரித்தெடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். யார் பக்கத்தில் கட்டினார், யார் தூரத்தில் கட்டினார் என்று மட்டும் எண்ணச் சொன்னேன். இரண்டு கட்டுகளுக்கும் விடை வந்தது. நிரலில்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் அதே விடை.

முதல் கட்டில் அவள் பக்கத்தில் கட்டினாள், சார் தூரத்தில் கட்டினார். இரண்டாம் கட்டில் அவள் தூரத்தில் கட்டியிருந்தாள், சார் பக்கத்தில் கட்டியிருந்தார்.

ஒருவர் திரையை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை. 'ஒண்ணு போலப் போடுங்க' என்று நான் கத்தியதைக் கேட்டு, அவருக்கு விட்டுக்கொடுப்போம் என்று அவள் நினைத்திருக்கிறாள், பிள்ளைக்கு விட்டுக்கொடுப்போம் என்று அவர் நினைத்திருக்கிறார். ஒரு மாதம் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, வடையைத் தியாகம் செய்து, ஒருவர் மனசை ஒருவர் அச்சு அசலாக நகல் எடுத்திருக்கிறார்கள். இருவரும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் இருந்த இடைவெளி அப்படியே இருந்தது.

சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அம்மா கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னாச்சு? தனியா சிரிக்க?"

"ரெண்டு பேரு மரியாதையா இருந்து என் வேலைக்கு உலை வச்சுட்டாவம்மா."

"மரியாதையா இருந்தா நல்லதுதான? சாப்பிட வா, ஆறிப்போவுது," என்று உள்ளே போய்விட்டாள். மில்லுக்குப் போன மாமாவைப் பற்றி அம்மாவிடம் எப்படி விளக்குவது? சாப்பிடும்போதும் இரண்டு தடவை புரையேறியது.

திங்கட்கிழமை காலையில் இருவரையும் உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு சார் மாத்துனீங்க?"

"நான் வெறும் டைப்பிஸ்ட் தாயி. அடுத்தவன் சொன்னத அடிச்சவன். நீ தமிழே படிச்ச பிள்ள. நீ போட்டா காரணம் இருக்கும்னு நெனைச்சேன். நீ எதுக்கு மாத்துன?"

"நீங்க கோர்ட்ல இருந்தவிய. ஒரு வார்த்தை மாறுனா ஒருத்தன் ஜெயிலுக்குப் போற எடம். அங்க இருந்தவியளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிறப் போவுது?"

"ரெண்டு பேரும் கேளுங்க," என்றேன் நான். மேசையைத் தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு ஞாபகமில்லை. "பஸ் வாசல்ல நின்னுக்கிட்டு நீங்க ஏறுங்க நீங்க ஏறுங்கன்னு சொன்னா பஸ் போயிரும். போகப்போவுது. உங்க மரியாதையை நாலே முக்காலுக்குப் பொறவு வச்சுக்கோங்க. இங்க எனக்கு உங்க மரியாதை வேண்டாம், உங்க அபிப்பிராயம் வேணும். ஏட்டி, நீ என்ன நெனைக்கன்னு இங்கதான் கேக்காவன்னு என்ட்ட சொன்னேல்ல? கேட்டோம். நீ சொல்லவே இல்லயே. சார் என்ன நெனைப்பாருன்னுதான சொல்லிருக்க?"

அவளை ஏட்டி என்று அன்றுதான் முதல்முறையாகக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் குனிந்து, திரையில் மில்லுக்குப் போன மாமா வாக்கியத்தின் மேல் விரல் வைத்தாள்.

"அப்போ ஒண்ணு கேக்கட்டுமா அக்கா? இத ஒரு ஆளு வாயால சொன்னதுதான? அவிய எப்படிச் சொன்னாவன்னு கேக்க முடியாதா?"

"ஏன்?"

"அளவு ஜாக்கெட் குடுக்காம தைக்கச் சொன்னா எப்படித் தைக்க? நானும் சாரும் எழுத்த வச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு அளவா வெட்டுதோம். சொன்னவிய எங்க நிறுத்துனாவன்னு தெரிஞ்சா, எதோட எத சேக்கணும்னு தெரிஞ்சிறாதா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பதிவுகள் எல்லாம் என்னிடமே இருந்தன, இன்னொரு ஃபோல்டரில். எழுத்தாக இறக்கிய பிறகு அதில் வேலை இல்லை என்று நானே ஒதுக்கி வைத்தது. பத்து வருஷமாக எழுத்தை மட்டுமே தின்று வாழ்கிற ஜாதி நான். கணினிக்கு எழுத்து போதும் என்றால் மனுஷருக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஒரு தப்பு செய்தார்கள் என்றால், அதற்கும் முன்னால் நான் செய்த தப்பு இது.

பதிவைத் தேடி எடுத்து ஒலிக்கவிட்டேன். பஸ் ஹாரன், எங்கேயோ ஒரு சேவல், அப்புறம் ஒரு பெண் குரல். "காலையில..." என்று சொல்லி ஒரு மூச்சு விட்டாள். பிறகு மீதியை ஒரே தொடராக, "மில்லுக்குப்போனமாமா போன்பண்ணாரு" என்று அவிழ்த்துவிட்டாள். அந்த மூச்சில் எல்லாம் தெளிவாகிவிட்டது. காலையில் வந்தது போன்தான்.

"சார்தான் சரி!" என்று அவள் கைதட்டினாள்.

"இந்த ஒண்ணுக்குச் சரி. அடுத்ததப் போடுங்கம்மா," என்றார் சார். அடுத்த வாக்கியத்தில் மூச்சே இல்லை. அவள் கட்டியபடி பக்கத்தில்தான் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு அடுத்ததில் பேசியவர் பாதியில் தும்மிவிட்டார். அந்தத் தும்மலை எங்கே கட்டுவது என்று அரை மணி நேரம் சிரித்தோம். அன்று முழுக்க அறைக்குள் எங்கள் ஊர் பேசிக்கொண்டிருந்தது. பூ விற்கிற குரல், பேரம் பேசுகிற குரல், தொலைந்த ஆட்டைத் தேடுகிற குரல். கீழே இருந்து வீட்டுக்காரர் ஏறி வந்து, "ஆபீஸ்ல எத்தன பேரு இருக்கீங்க?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலையில் உட்கார்ந்து விதியை எழுதினேன். மூச்சு எங்கே விழுகிறதோ அங்கே வெட்டு. கேட்டும் தெளிவாகவில்லை என்றால், உனக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படிப் போடு, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுது. அடுத்தவர் என்ன நினைப்பார் என்று நினைக்காதே. கடைசி வரியைச் சிவப்பு எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

மூன்றாம் கட்டை முடிக்கும்வரை சாரை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டிலேயே வைத்து வேலை பார்க்கச் சொன்னேன். எதிரெதிரே உட்கார்ந்தால் பழைய உபசாரம் தொற்றிக்கொள்ளும் என்று பயம். அந்த நாட்களில் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டு, திறந்து கோடு போடுவாள். நடுவில் தானாகச் சிரித்துக்கொள்வாள். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி, "ஆடு கெடைச்சிருச்சு அக்கா!" என்று கத்தினாள். தொலைந்த ஆட்டைப் பற்றிய வாக்கியங்கள் கலைந்து எங்கெங்கேயோ கிடந்தன. கடைசியாக அவளுக்கு வந்ததில் ஆடு கிடைத்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கீழே போய் டீ குடித்துக் கொண்டாடினோம்.

முடிக்கிற அன்று சாரை ராஜபாளையத்துக்கு வரச்சொன்னேன். இந்தத் தடவை மேலாளரைக் கூப்பிடாமல் முதலில் நாங்கள் மட்டும் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். நிரல் ஓடி முடிக்கிற வரைக்கும் அவள் கைப்பையைத் திறந்து அந்தக் கத்தரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். வெட்ட ஒரு நூலும் இல்லை. எண் வந்தது. பாஸ் மார்க்கைத் தாண்டி, நான் எதிர்பார்த்ததையும் தாண்டிப் போயிருந்தது. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எண்ணைத் திரும்பவும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி, வேலை அங்கேயே இருக்கட்டும், அடுத்த குவியலையும் அனுப்புகிறேன் என்றார். நான் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன். சார் எனக்கு ஒரு வடையை நீட்டினார். அது அன்று அதிசயமாகச் சூடாக இருந்தது.

வழக்கம்போல, ஒத்துப்போகாத வாக்கியங்களின் பட்டியலைத் திறந்தேன். சின்னப் பட்டியல்தான். அதில் ஒரு வாக்கியத்துக்கு இருவருமே குறிப்பு எழுதியிருந்தார்கள். அவள் எழுதியிருந்தாள்: "சாருக்கு வேறு மாதிரி கேட்கும். எனக்கு இப்படித்தான் கேட்கிறது. மாற்ற மாட்டேன்." சார் எழுதியிருந்தார்: "அந்தப் பிள்ளை இதற்குச் சம்மதிக்காது. இருந்தாலும் நான் கேட்டது இதுதான்." இரண்டையும் சத்தமாகப் படித்தேன்.

பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு சாய்ந்து முழுசாக உட்கார்ந்தாள்.

"அந்தப் பதிவப் போடுங்க அக்கா. சாருக்குக் காட்டுதேன்."

போட்டேன். இது மூச்சு என்றாள் அவள். அது மூச்சில்லை, வெற்றிலையை மெல்லுகிறார் என்றார் சார். திரும்பப் போட்டேன். மெல்லுவதற்கும் நிறுத்துவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா சார், என்றாள். முப்பது வருஷத்தில் எத்தனை சாட்சி வெற்றிலை மென்றதைக் கேட்டிருக்கிறேன் தெரியுமா தாயி, என்றார். ஏழு தடவை போட்டிருப்பேன். இருவர் குரலும் ஏறியதில் குடோன் ஆட்கள் என்ன சண்டை என்று படியில் நின்று பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு, நடுவில் போகவே இல்லை.

நடுவில் அவளே கடிகாரத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். மணி நாலே முக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சார், உங்க பஸ்ஸு!"

சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"பஸ் போனா போவட்டும் தாயி. நீ சொல்லு."